முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்

டங்... டங்... டங்.

நீங்க செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டிருக்கும். பயந்துவிடாதீங்க மேடம். கோபமெல்லாம் கிடையாது. வாசலில் புதுக் குரல் கேட்டால் டம்ளரைச் சுவரில் தட்டுவான். ஆள் வந்திருக்கிறது என்று எனக்குச் சொல்கிறான், அவ்வளவுதான். பெல் வைக்காத வீட்டுக்கு அது ஒரு வசதி.

உள்ளே வாங்க. அந்த நாற்காலியில் நூல் கோன் கிடக்கும், எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்காருங்க. ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும். மேடம் வேண்டாமா? சரிங்க, அம்மிணி என்றே கூப்பிடுகிறேன். என் தங்கச்சி மகள் வயதுதான் இருக்கும் உங்களுக்கு. அவளும் இப்படித்தான் ஒரு டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறாள், உங்களை மாதிரி கணக்கெடுப்பு இல்லை, வேறு ஏதோ வேலையில்.

என் பேர் அர்த்தநாரி. அவன் என் தம்பி, செங்கோடன். எனக்கு எட்டு வயது இளையவன், நாற்பத்து நாலு நடக்கிறது. வீட்டில் வேறு ஆள் இல்லை. நான், அவன். கல்யாணமா? பேச்சு வந்தது. பெண் வீட்டார் வந்தார்கள், செங்கோடனைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். டம்ளரைக் கழுவி வைத்ததோடு சரி.

எனக்கு ராத்திரி ஷிப்ட். தெருக்கோடியில் ஒரு தறிக்குடோன் இருக்கிறதே, அங்கே. பகலில் அவனோடு இருப்பேன். தூக்கம் கிடைக்கிற நேரத்தில் தூங்குவது. அவன் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் நானும் பக்கத்தில் சாய்வேன். அவன் அசைந்தால் எழுந்துவிடுவேன். அதெல்லாம் பழகிவிட்டது.

உதவித்தொகை ஏதாவது வருகிறதா என்று கேட்டீங்க. இல்லை. ஏன் எழுதிப் போடவில்லை என்று அடுத்துக் கேட்பீங்க, எல்லோரும் கேட்கிறார்கள். எழுதிப் போட்டோம் அம்மிணி. முகாமுக்கும் போனோம். பரீட்சையை நன்றாகத்தான் எழுதினான். அதுதான் சங்கதி.

இந்தத் தெருவில் உங்களுக்கு இது ஒரு வீடுதானா? அப்படியானால் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் எனக்குத் திரும்ப ஆரம்பிக்கத் தெரியாது.

அம்மா இருக்கிறவரைக்கும் அம்மாதான் அவனைப் பார்த்துக்கொண்டாள். இப்படி ஒரு பணம் இருக்கிறது என்று அவளுக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. என்னவென்று கேட்பாள்? நான் பெற்ற பிள்ளைக்கு நான் சோறு ஊட்டுகிறேன், கூலி கொடு என்றா? அவள் போன பிறகு நான். எனக்கும் தெரியாது. தறியில் நின்றால் தறிக்குக் கூலி. வீட்டில் செய்வது ஒரு வேலை என்று எனக்குத் தோன்றியதில்லை, இப்போதும் தோன்றவில்லை. அப்படிப் பெரிதாகச் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. அவன் பாட்டுக்கு இருப்பான். காலையில் எழுப்பித் துணி மாற்றி, பல் விளக்கிவிட்டு, குளிக்க வைத்து, இட்லியைப் பிய்த்து ஊட்டி, நடுவில் ரெண்டு தடவை துணி மாற்றி, மத்தியானம் ஊட்டி, சாயங்காலம் கொஞ்சம் கையைக் காலை நீவிவிட்டு, ராத்திரி ஊட்டிப் படுக்க வைத்துவிட்டால் வேறு ஒரு தொந்தரவும் கிடையாது. தங்கமான பிள்ளை.

ராத்திரிக்குத்தான் ஆள் வேண்டும். எதிர் வீட்டுப் பொன்னாத்தாக்கா முன்னறையில் வந்து படுத்துக்கொள்ளும். அவன் விழித்துச் சத்தம் போட்டால், "ஏஞ்சாமி, நானிருக்கறேன் படுத்துக்க" என்று ஒரு குரல் கொடுக்கும். அடங்கிவிடுவான். அது காசு வாங்காது. தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தால் அதற்கும் திட்டும். போன ஆவணியில் அதன் மருமகன் கீழே விழுந்து இடுப்பில் அடி. மகள் வீட்டோடு போய் இருக்க வேண்டிய நிலைமை. வரும் தைக்கு மேலே என்னால் இருக்க முடியாதப்பா, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. நல்ல மனுஷி, ஐந்து மாதம் கெடு கொடுத்தது.

வேறு ஆள் என்றால் சம்பளம். அடுத்த தெருவில் ஒரு அம்மா வருகிறேன் என்றது, மாதம் இவ்வளவு என்று வாயைத் திறந்து சொல்லியும்விட்டது. நியாயமான தொகைதான். ஆனால் தறிக் கூலியில் அதைக் கிள்ளி எடுக்க இடமில்லை.

தங்கச்சி சுலோச்சனா ஈரோட்டில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்தார். சேலம் பக்கம் ஒரு காப்பகம் இருக்கிறதாம். நல்ல இடமாம், மரமெல்லாம் இருக்கிறதாம், நேரத்துக்குச் சோறாம். அவர் சிநேகிதர் ஒருவர் அதில் பொறுப்பில் இருக்கிறாராம். ராத்திரி பூட்டிப் போடுகிற வீட்டைவிட அது மேல் மச்சான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆளில்லாமல் பூட்டிவிட்டுப் போகக் கூடாதுதான். ராத்திரிக்கு ஆள் கிடைத்தால் இங்கே இருப்பான். கிடைக்காவிட்டால் அங்கே போவான். விஷயம் அவ்வளவுதான். இதில் யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வசந்தாமணி சொன்னாள். எங்கள் குடோனில் நூல் சுற்றுகிற பெண். அவள் மகளும் செங்கோடன் மாதிரி, ஆனால் அவளுக்குப் பேச்சே வராது. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். காப்பகப் பேச்சை நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நூல் சுற்றுகிற மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஏனுங்ணா, எம்புள்ளைக்கு மாசாமாசம் பேங்க்ல விழுகுதே. பாத்துக்கறவங்களுக்குன்னு தனியா வேற குடுக்கறாங்க. நீங்க இத்தன வருசமா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்கு அண்ணனுக்குச் சம்பளமா? அவள் சத்தியமே பண்ணினாள். ரெண்டையும் சேர்த்தால் ராத்திரிக்கு வருகிற அம்மாவுக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிடலாம், கணக்கு நேராக வந்தது. கார்த்திகையில் கல்யாண மண்டபத்தில் முகாம் போடுகிறார்கள், கூட்டிக்கொண்டு வாங்க என்றாள். அங்கே ஒரு டாக்டரம்மா உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம், பொம்மையைக் கொடுத்து அடுக்கச் சொல்வார்களாம், பார்த்துவிட்டு ஒரு நம்பர் போடுவார்களாம். அந்த நம்பரை வைத்துத்தான் பணம்.

கேள்வி கேட்பது, நம்பர் போடுவது. இதற்கு நம் ஊரில் வேறு என்ன பேர் அம்மிணி? நீங்களே சொல்லுங்க.

ஒன்று சொல்கிறேன். சர்க்கார் ஆள் முன்னால் செங்கோடன் போய் நின்றது அதற்கு முன்னால் ரெண்டே தடவைதான். அவனுக்கு ஆறு வயது இருக்கும்போது அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். அந்தக் காலத்தில் பிறந்த தேதிக் காகிதமெல்லாம் யார் வைத்திருந்தார்கள்? தலைக்கு மேலே கையைச் சுற்றிப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொட வேண்டும். தொட்டால் வயது சரி, சேர்த்துக்கொள்வார்கள். உங்களுக்குத் தெரியாது, உங்கள் அப்பாவைக் கேளுங்க. செங்கோடனுக்கு வலது கை தோளுக்கு மேலே போகாது. தலைமையாசிரியர் தொடு என்கிறார், இவன் அவரைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று, இப்படி, என் கையைத் தலைமேல் போட்டுக் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறேன். என்னைப் பார்த்து இன்னும் சிரிக்கிறான். இவனால் முடியாதும்மா, கூட்டிக்கொண்டு போ என்றார். அடுத்த வருஷம் போனோம், அதேதான். மூன்றாம் வருஷம் அம்மா போகவில்லை.

அதனால் முகாம் என்றதும், இந்தத் தடவை தயார் பண்ணாமல் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று எனக்குப் பட்டது. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வசந்தாமணி ஒரு வார்த்தை சொல்லத்தான் சொன்னாள். ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீங்கண்ணா, இருக்கிறபடி கூட்டிக்கொண்டு வாங்க என்றாள். அவள் அப்படித்தான் சொல்வாள். அவள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. தலை வாருவதில்லை. சட்டையில் எச்சில் கறையோடு நாலு பேர் முன்னால் உட்கார வைப்பாள். பெற்ற பிள்ளையை அப்படியா காட்டுவது? நம் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அம்மா இருந்தபோது, பால்காரர் வந்தால்கூட அவன் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

ஐப்பசி பூராவும் மழை. கரண்ட் அடிக்கடி போகும், ஷிப்டும் பாதி ஷிப்டுதான். எனக்கும் நேரம் கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாடம். நூல் கோனையே அடுக்கக் கொடுத்தேன். பெரியது கீழே, சிறியது மேலே. சிவப்பு எது, மஞ்சள் எது. சிவப்பு சீக்கிரம் வந்துவிட்டது, மஞ்சளுக்கும் பச்சைக்கும்தான் தகராறு. சரியாகச் சொன்னால் ஒரு தேன்மிட்டாய். மிட்டாய் வாங்கப் போனால் கடைக்காரன் கேட்டான், என்ன அர்த்தநாரி, இந்த வயதில் ஸ்கூல் ஆரம்பித்துவிட்டாயா என்று. தறியில் குழந்தைவேல் என்று ஒருத்தன், வாயை மூடவே மாட்டான். தினமும் ஷிப்டுக்கு நுழையும்போது, "வாத்தியாரே, பையன் கலெக்டர் ஆயிருவானா, இல்லை தாசில்தாரோட நிறுத்திக்குவானா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே தறிக்கு முன்னால் நிற்கும்போது, நாளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று ஓடிக்கொண்டிருக்கும். பாவு நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் ரெண்டு தடவை முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

இன்னிக்கு என்ன கிழமை என்று கேட்பார்கள் என்று வசந்தாமணி சொல்லியிருந்தாள். ஏழு கிழமையும் அவனுக்கு வராது. முகாம் வியாழக்கிழமை. அதனால் அது ஒன்றை மட்டும் ஏற்றினேன். என்ன கிழமை? வியாழக்கிழமை. திங்கட்கிழமை கேட்டாலும் வியாழக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை கேட்டாலும் வியாழக்கிழமை. இப்போதும் அப்படித்தான், கேட்டுப் பாருங்க. எங்கள் வீட்டில் வேறு கிழமையே கிடையாது.

கஷ்டமாக இருந்தது இன்னொன்று. யாரு சோறு ஊட்டறாங்க, யாரு குளிக்க வைக்கறாங்க, யாரு சட்டை போட்டுவிடறாங்க என்றெல்லாம் கேட்பார்கள் என்று அவள் சொன்னாள். அதைச் செங்கோடனிடம் கேட்டுப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் ஒரே பதில். "அண்ணன்." யாரு சோறு? அண்ணன். யாரு சட்டை? அண்ணன். யாரு தலை வாரினது? அண்ணன். கேட்பதற்கு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நாற்பத்து நாலு வயது ஆம்பிளை, நாலு பேர் நடுவில் இப்படிச் சொன்னால் அவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? சேர்த்துக்கொள்ளாமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் மாற்றினேன். ஒரு வாய் ஊட்டுவேன், யாரு சாப்பிட்டது என்று கேட்பேன். அண்ணன் என்பான். இல்லை, நானே என்று சொல்லு. மறுபடியும் அண்ணன். இல்லை, நானே. ரெண்டு வாரம் ஆனது. ஒரு நாள் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன், தலையில் சோப்பு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறான், நான் ஒன்றும் கேட்கவில்லை. தானாகச் சொன்னான். "நானே." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னான் அம்மிணி. சோப்பு நுரையோடு. அன்றைக்கு மூன்று தேன்மிட்டாய் கொடுத்தேன்.

காது தொடுகிறதையும் பழக்கினேன். இந்தக் காலத்தில் கேட்க மாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் அதை விடுவானேன். வலது கை மேலே போகாது, சரி, இடது கையால் தொடட்டுமே. இடது கை நன்றாகவே போயிற்று. அந்தத் தலைமையாசிரியர் அன்றைக்கு அடுத்த கையை முயன்று பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முகாம் அன்றைக்கு அவனைப் பார்த்திருக்க வேண்டும் நீங்க. முகச்சவரம் பண்ணி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றியில் திருநீறு. பொன்னாத்தாக்கா ஒரு வெள்ளைச் சட்டையைப் பெட்டி போட்டுக் கொடுத்தது. பேண்ட்டுக்குள் துணி மடித்து வைத்தேன், வெளியே தெரியவே தெரியாது. ஆட்டோக்காரர் அவனைப் பார்த்து, மாப்பிள்ளை எங்கே போகிறார், பெண் பார்க்கவா என்றார். கல்யாண மண்டபம் வேறு பாருங்க, பொருத்தமாகத்தான் இருந்தது.

எங்களுக்கு முன்னால் வசந்தாமணியும் மகளும். அடையாளக் கார்டு புதுப்பிக்க வந்திருந்தார்கள். அந்தப் பெண் டாக்டரம்மா கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. பொம்மையை எடுத்து வாயில் வைத்துக் கடித்தது. வசந்தாமணி எதையும் மறைக்கவில்லை, ராத்திரி படுக்கையில் போவது முதற்கொண்டு எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னாள். எனக்குத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அடுத்து எங்கள் முறை. பேர் என்ன? செங்கோடன். கணீரென்று வந்தது. இன்னிக்கு என்ன கிழமை? வியாழக்கிழமை. சிவப்பு எடுங்க. எடுத்தான். வளையத்தை அடுக்குங்க. ஒன்றுதான் மாறிப் போனது, அதையும் என் முகத்தைப் பார்த்துச் சரி பண்ணிவிட்டான். டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். சாப்பாடு யாருங்க ஊட்டுவாங்க என்று கேட்டார். நெஞ்சில் கையை வைத்தான். நானே. குளிக்கறது? நானே. சட்டை? நானே. கேட்காமலே இடது கையைத் தலைக்கு மேலே போட்டுக் காதைத் தொட்டுக் காட்டினான். பின்னால் வரிசையில் நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். அவனும் தட்டினான்.

அந்த டாக்டரம்மா தப்பாக நடக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என்னைத் தனியாகப் பார்த்து, "உண்மையாவே இதெல்லாம் இவரே பண்ணிக்குவாருங்களா?" என்று கேட்டார். பண்ணிக்குவான் மேடம், கொஞ்சம் பக்கத்தில் இருந்தால் போதும் என்றேன். பொய் இல்லையே? பக்கத்தில்தானே இருக்கிறேன்.

நம்பர் போட்டுக் கொடுத்தார்கள். ஐம்பது. எனக்குப் பரம திருப்தி. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், இவன் ஐம்பது எடுத்திருக்கிறான். வாசலில் வசந்தாமணி நின்றிருந்தாள், உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். தொண்ணூறு என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, பொம்மையைக் கடித்தது, அதற்குத் தொண்ணூறா? வசந்தாமணிக்கு உள்ளே யாரோ தெரிந்த ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சரி, நமக்கு ஐம்பது போதும், நேர்மையாக வந்தது. வழியில் ஆட்டோவை நிறுத்தி அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கி ஊட்டினேன். வெள்ளைச் சட்டை பூராவும் வழிந்தது. அன்றைக்குத் துடைக்கவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்கழி பாதிவரைக்கும் பணம் வரவில்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். ஜன்னல் பக்கத்தில் இருந்த கிளார்க்குக்குச் சின்ன வயதுதான், நல்லவர், உட்கார வைத்துப் பேசினார். கார்டை வாங்கிப் பார்த்தார். "ஐயா, இது மார்க் இல்லீங்க. எவ்வளவு முடியலைன்னு போடற கணக்கு. நம்பர் அதிகமா இருந்தாத்தான் அந்தப் பணம். உங்க தம்பிக்கு அவ்வளவு பாதிப்பு இல்லைன்னு வந்திருக்குது. சந்தோசப்படுங்க." பார்த்துக்கொள்பவர் பணமும் அதோடு சேர்ந்ததுதானாம். அதுவும் இல்லை.

கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டார்கள், அல்லது போட்டிருந்தார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. செங்கோடனுக்குத் துணி மாற்றுகிற நேரமாகிவிட்டது என்று ஞாபகம் வந்தது. பஸ் ஏறிவிட்டேன்.

வசந்தாமணி இன்னும் திட்டுகிறாள். அடுத்த முகாமுக்கு அப்படியே கூட்டிக்கொண்டு வாங்கண்ணா, வாயைத் திறக்காமல் உட்காரச் சொல்லுங்க என்கிறாள். எப்படிச் சொல்வது அம்மிணி? ஒன்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி இருக்கிறது, மிட்டாய் இருக்கிறது. சொல்லிக்கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்ன கொடுப்பது? ஒரு நாள் முயன்று பார்த்தேன். யாரு சோறு ஊட்டறது, அண்ணன்தானே, அண்ணன் என்று சொல்லு என்றேன். என்னைத் தப்புப் பண்ணினவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். நெஞ்சில் கையை வைத்து எனக்குத் திருத்திச் சொன்னான். நானே. நான் விட்டுவிட்டேன். முன்பெல்லாம் வெளியே போய்விட்டு வந்தால் அண்ணன் அண்ணன் என்பான். இப்போது அந்த வார்த்தையும் நின்றுவிட்டது. எதற்கும் நானேதான். பரவாயில்லை. ஒரு வார்த்தை போய் ஒரு வார்த்தை வந்திருக்கிறது.

தை பிறந்துவிட்டது. பொன்னாத்தாக்கா போன வாரமே போய்விட்டது. நாலு நாளாக முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு வீட்டிலிருக்கிறேன், அவர் அடுத்த ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார். துணியெல்லாம் ஒரு பையில் போட்டு வைத்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, முகாமுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வியாழக்கிழமை என்றான். ஆமாம் என்றேன்.

இந்த நேரத்தில்தான் நீங்க வந்திருக்கீங்க. வீட்டில் பார்த்ததை நீங்க எழுதி அனுப்பினால் மறுபடியும் டாக்டர் பார்ப்பார், நம்பர் மாறலாம் என்கிறீங்க. அவசரம் என்று போட்டால் இந்த வாரமே கூப்பிடுவார்களா? சரி. அப்படியானால் சுலோச்சனாவிடம் சொல்லி வண்டியை நிறுத்திவிடலாம். அவள் கேட்பாள். அவளுக்கும் இவன் போவதில் சந்தோஷமில்லை. ராத்திரிக்கு வருகிற அம்மாவும் ஒரு மாதம் கடனாக வரச் சம்மதிக்கும். ஆக, எல்லாம் நீங்க கேட்கப் போகிற கேள்வியில் இருக்கிறது. கேளுங்க.

கொஞ்சம் மெதுவாகக் கேட்டால் தேவலை. வாசலுக்குப் போய்விடலாமா? அவனும் இருக்க வேண்டுமா... சரிங்க. அவனுக்குப் புரியாது என்று எண்ணிக்கொள்ளாதீங்க. பக்கத்து ஷெட்டில் பன்னிரண்டு தறி ஓடும்போதே என் செருப்புச் சத்தத்தைப் பிரித்துக் கண்டுபிடிக்கிற காது அது.

தானாகச் சாப்பிடுவாரா.

முதல் கேள்வியே அதுதானா.

பாருங்க, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். உங்கள் கையிலிருக்கிற டேப்லெட்டையும் கேள்வி கேட்கிற தோரணையையும் பார்த்துப் புரிந்துகொண்டான். முகாமில் இப்படித்தான் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்கிறான், சரி பண்ண வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று.

அவனையே கேட்கிறீங்களா? கேளுங்க.

"நானே."

கேட்டுக்கிட்டீங்களா.

அவர் சொல்வது சரியா என்று என்னைக் கேட்கிறீங்க. யோசித்துச் சொல்லுங்கண்ணா, இதில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறீங்க. தெரியும் அம்மிணி. எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்க நல்ல பெண், குரலிலேயே தெரிகிறது. நாம் ரெண்டு பேரும் தனியாக இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். இவனால் முடியாது என்று அந்தத் தலைமையாசிரியர் அவன் முன்னாலேயே சொன்னார். பெண் வீட்டிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். என் வாயால் மட்டும் அவன் அதைக் கேட்டதில்லை.

அவன் சொல்வது சரிதாங்க. எழுதிக்கங்க.

மணி ஒன்றாகிவிட்டதா? பேச்சில் விட்டுவிட்டேன், அவன் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நீங்க எழுந்திருக்க வேண்டாம், இருங்க, இப்படிக் கொஞ்சம் சுவர்ப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தால் எனக்கு அவன் பக்கத்தில் இடம் கிடைக்கும். எழுதுகிறதை எழுதுங்க, விடுகிறதை விடுங்க. குழையப் பிசைந்து தயிர் விட்டால்தான் தொண்டையில் இறங்கும், இல்லாவிட்டால் புரையேறிவிடும். கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டு, தலையை இப்படி இடது கையில் தாங்கிக்கொள்ள வேண்டும்.

செங்கோடா. இங்கே பார். ஆ காட்டு.